இன்னும் கொஞ்சம் லோக்கலா பாடு

போன மாதம் பருத்திப்பட்டில் இருக்கும் எங்கள் வீட்டைத் தேடி மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். கடற்கரைப் பக்கம் ஏதோ ஒரு ஹோட்டலில் சனிக்கிழமைதோறும் ஆட்ட நிகழ்ச்சி நடத்துகிறார்களாம். பழைய பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, வெட்டி ஒட்டி, மேளத்தைக் கூட்டிக் குறைத்து ஓட விடுவார்களாம். எல்லோரும் ஆடுவார்களாம். நிகழ்ச்சிக்கு 'அசல் மெட்ராஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கையில் ஒரு பழைய கேசட். மேலே 'குப்பத்து டிஸ்கோ' என்று சிவப்பு எழுத்து.

"இதுல நீங்க வேலை செஞ்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டோம் மேடம்," என்றான் ஒரு பையன். "இதுதான் ஒரிஜினல் கானா. பாலிஷே இல்லாத சவுண்ட். ரவுசு ராஜுவோட குரல்ல அந்த மண்ணோட வலி இருக்கு."

மண்ணோட வலி! குடித்துக்கொண்டிருந்த காபி எனக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அசல் என்ற சொல்லை இவ்வளவு சுலபமாக உச்சரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. அன்று அவர்களிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த ஒரு கேசட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பிட்டர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் வாசலுக்கு வாசல் ஒரு தமிழ் கேட்கும். சேலம், தஞ்சாவூர், நாகர்கோவில் என்று எல்லா ஊரும் அங்கே குழாயடியில் சண்டை போட்டிருக்கின்றன. அந்தச் சண்டைகளைக் கேட்டு வளர்ந்ததால்தானோ என்னவோ, எனக்குக் காது கொஞ்சம் கூர்மை.

கம்பெனியில் முன்பக்கம் சின்ன ஒலிப்பதிவுக் கூடம். பின்பக்கம் கேசட்டுகளில் பாட்டை ஏற்றும் ஷெட். நாங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தயாராகி வரும் கேசட்டுகளில் அங்கொன்று இங்கொன்றாக எடுத்துக் கேட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். சத்தம் நடுங்குகிறதா, ஒரு பக்கப் பாட்டு மறுபக்கம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியே ஒரு வருஷம் போல ஓடியது. ஒருநாள் ஹமீது பாய் என்னைக் கூடத்துக்குள் கூப்பிட்டார்.

ஹமீது பாய் எங்கள் ரெக்கார்டிங் இன்ஜினியர். பூந்தமல்லிக்காரர். வெள்ளைச் சட்டை, லேசான அத்தர் வாசனை. காலையில் வந்ததும் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, நாடா உரசிப் போகும் ஹெட்டைத் துடைப்பார். பஞ்சு அழுக்கில்லாமல் வெள்ளையாகத் திரும்பி வரும்வரை யாருடனும் ஒரு வார்த்தை பேசமாட்டார். முதலாளியே வந்து நின்றாலும் அப்படித்தான். திட்டத் தெரியாதவர். நான் ஏதாவது தவறாக ஒட்டிவிட்டால், என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தான் ஒருமுறை கேட்பார். மறுபடி எனக்கே மாட்டிவிட்டு, "எங்க?" என்று ஒரு கேள்வி கேட்பார். தவறு எந்த இடத்தில் என்று நான்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொல்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். நாலு வசவு வாங்குவது அதைவிடச் சுலபம்.

அப்போதெல்லாம் வெட்டுவது என்றால் நிஜமாகவே வெட்டுவதுதான். ரீல் நாடாவைக் கையால் முன்னும் பின்னும் இழுத்தால் பாட்டு முனகும். அந்த முனகலில் சொல் தொடங்கும் இடத்தைப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டு, அலுமினியக் கட்டையில் இருக்கும் சாய்ந்த பள்ளத்தில் நாடாவை வைத்து, பிளேடால் ஒரே இழுப்பு. பிறகு பின்பக்கம் வெள்ளை டேப்பை ஒட்டி நகத்தால் தேய்க்க வேண்டும். ஹமீது பாய் எனக்கு வாய்விட்டுச் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான். "பாடறவன் மூச்சு எடுக்கிற சத்தத்த வெட்டிடாதம்மா விஜயா. மூச்சு போச்சுன்னா அப்புறம் அது பாட்டு இல்ல, பொணம்."

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரை எல்லோரும் எம்.டி. என்றுதான் கூப்பிடுவோம். பிளாஸ்டிக் வாளி வியாபாரத்திலிருந்து பாட்டு வியாபாரத்துக்கு வந்தவர். அச்சு ஒன்று கிடைத்துவிட்டால் ஆயிரக்கணக்கில் ஊற்றி எடுக்கலாம் என்பதுதான் அவருக்குத் தெரிந்த சங்கீதம்.

நான் கூடத்துக்குள் போன புதிதில் ஊரெல்லாம் டிஸ்கோ பைத்தியம். குவார்ட்டர்ஸ் ஆண்டு விழாவில் பையன்கள் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தரையில் தலைகீழாகச் சுழன்றார்கள். வெளிநாட்டுக்காரனைப் பார்த்துக் காப்பியடிக்கிறான்கள் என்று பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பாட்டு எவனுடையதாக இருந்தால் என்ன, சுளுக்கிக்கொண்டது இவர்கள் கழுத்துதானே.

எம்.டி.க்கு அந்தப் பைத்தியத்தில் ஒரு வாளி தெரிந்தது. திருமுல்லைவாயிலில் சர்ச் குழுவில் பாடும் ஒரு நர்ஸை அழைத்துவந்தார். ஞானசௌந்தரி என்று பெயர். டிஸ்கோ மெட்டில் நான்கைந்து ஆங்கில வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிப் பாட வைத்தார். கேசட் அட்டையில் ஏதோ காலண்டரிலிருந்து எடுத்த வெள்ளைக்காரியின் படம். 'லண்டன் ஜூலியா பாடிய டிஸ்கோ இரவு' என்று அச்சாகி வந்தது. கொஞ்ச நாள் கழித்து அந்த நர்ஸ் என்னைப் பார்க்க வந்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "அக்கா, வேன்ல என் பாட்டு ஓடுது. பக்கத்து சீட்டுக்காரர் என்கிட்டயே சொல்றாரு, 'இதெல்லாம் நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு வருமாம்மா? அவங்க தொண்டையே வேற'ன்னு."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் தன் பெயரை அட்டையில் போடக்கூடாதா என்று அவர் எம்.டி.யிடம் கேட்டதும், "ஞானசௌந்தரின்னு போட்டா எவன் ஆடுவான்?" என்று அவர் பதில் சொன்னதும் எனக்குத் தெரியும். அன்று அம்பத்தூரை லண்டன் என்று விற்றவர், பத்து வருஷம் கழித்துக் குவார்ட்டர்ஸைக் குப்பம் என்று விற்றார். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

தொண்ணூறுகளில் கானாவுக்கு மவுசு வந்தது. சாவு வீட்டில் டோலக்கும் சட்டியும் தட்டிக்கொண்டு, செத்தவரின் பெயரையும் குணத்தையும் வைத்துக் கட்டிப் பாடுகிற பாட்டு அது. அதுவரை அந்தப் பாட்டு கேட்டால் ஜன்னலைச் சாத்தியவர்களெல்லாம் திடீரென்று கல்யாணத்தில் அதைப் போட்டு ஆடத் தொடங்கினார்கள். எம்.டி.க்கும் ஒன்று வேண்டியிருந்தது.

எஸ்டேட்டில் அப்போது ஒரு பாட்டு எல்லோர் வாயிலும் இருந்தது. கட்டியவர் ஜெயசீலன். மண்ணூர்பேட்டைக்காரர், எங்கள் கம்பெனிக்கு நாலு தெரு தள்ளி ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். அவருடைய கூட்டாளி ஏழுமலை இன்னொரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் சிக்கி இறந்துபோனான். கல்யாணம்கூட ஆகாத பையன். சாவு வீட்டில் ஜெயசீலன் பாடிய பாட்டு அது. டீக்கடையில் அதைக் கேட்ட எம்.டி., ஆளை அழைத்துவரச் சொன்னார்.

இஸ்திரி போட்ட சட்டையுடன் ஜெயசீலன் வந்தார். கூடவே டோலக், சட்டி வாசிக்கும் இரண்டு பேர். கூடத்துக்குள் யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. அவர்களாகவே கழற்றி வெளியே வைத்தார்கள். ஹமீது பாய் மைக்கை நகர்த்தி, சட்டியை ஒரு மூலைக்குத் தள்ளி, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்து, எடுத்துப் பார்த்து, கடைசியில் பாதி மூடியபடி விட்டார். பிறகு கை காட்டினார். ஜெயசீலன் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

*ஏழுமலை ஏறிப் போனாய், எந்த வண்டியில் திரும்பி வருவாய்?*
*சங்கு ஊதி ஷிப்டு முடிந்தது, உன் சைக்கிள் மட்டும் நிற்குதடா.*

அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு. ழகரம் ழகரமாக விழுந்தது. 'ஏழுமலை' என்று வரும் இடத்தில் குரல் ஒருமுறை மேலே போய் நின்றது. நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் ஹமீது பாய் உள்ளே போனார். "தம்பி, இது எங்க தர்காவுல பக்கிருங்க பாடற மெட்டாச்சே?"

"ஆமா பாய்," என்றார் ஜெயசீலன். "பூந்தமல்லில ஒருவாட்டி கந்தூரிக்கு வந்தப்ப கேட்டேன். மனசுக்குப் பிடிச்சிருந்துச்சு, எட்த்துகினேன். தப்பா?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. அவங்க அத யார்கிட்டேர்ந்து எடுத்தாங்களோ," என்று பாய் அவர் தோளில் தட்டினார். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்வது அவ்வளவு லேசாக நடக்கும் விஷயம்தான். கேட்டவனிடம் 'ஆமாம், உங்களிடம்தான் எடுத்தேன்' என்று சொல்ல வாய் வந்தால் போதும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எம்.டி. முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். மைக்கை அழுத்தி உள்ளே பேசினார். "குரல் ஓகேப்பா. ஆனா ரொம்ப நீட்டா இருக்கே. இன்னும் கொஞ்சம் லோக்கலா பாடு."

ஜெயசீலனுக்குப் புரியவில்லை. "லோக்கல்னா இன்னா சார்?"

"அதான்! இப்ப சொன்ன பாரு, 'இன்னா'ன்னு. அதப் பாட்டுல போடு. 'கீது', 'மாமே', 'மச்சி', இதெல்லாம் வரணும்."

"அது நம்ம பேசறது சார். இது பாட்டு. செத்தவன் எதுர்ல நின்னுகினு அவன் பேர சொல்லிப் பாடறோம். அவங்கம்மா கேட்டுகினு கீறாங்க. அங்க போயி கொச்சையா பாடினா செருப்பு பிஞ்சிடும்."

"கேசட் வாங்கறவன் அழறதுக்கா வாங்கறான்? ஆடறதுக்குப்பா."

"ஆடட்டும் சார். எங்காளுங்களும் ஆடத்தான் செய்வாங்க. சாவுல ஆடாத ஆட்டமா? ஆனா பேரு இருக்கட்டும்."

எம்.டி. விடவில்லை. திரும்பத் திரும்பப் பாட வைத்தார். ஜெயசீலனும் மரியாதைக்காக ஒன்றிரண்டு 'மாமே' போட்டுப் பார்த்தார். கோயில் குருக்களைத் தெருக்கூத்தில் நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. அவருக்கே கூச்சமாகப் போய், பாதியில் நிறுத்திவிட்டார். எம்.டி. மைக்கை அணைத்துவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"இவனுக்கு அந்த ஃபீலே இல்லை பாய். ஒரிஜினல் மாதிரியே இல்லையே இவன்."

மண்ணூர்பேட்டையில் பிறந்து, அந்தப் பாட்டைக் கட்டி, அந்தப் பிணத்தின் முன்னால் நின்று பாடியவர் ஒரிஜினல் மாதிரி இல்லையாம். என் காதால் கேட்டேன். ஹமீது பாய் ஹெட்டைத் துடைக்கத் தொடங்கினார். அது துடைக்கும் நேரமே இல்லை.

அடுத்த வாரம் 'ரவுசு ராஜு' வந்தான். கழுத்தில் சிவப்புத் துணி, மடித்துக் கட்டிய லுங்கி, கறுப்புக் கண்ணாடி. என்னைப் பார்த்ததும், "இன்னா நைனா, சௌக்கியமா கீறியா?" என்றான். உற்றுப் பார்த்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் பின்வரிசையில் இருந்த அக்கவுண்ட்ஸ் ஆபீசரின் மகன் ராஜகோபால். வீட்டில் அம்மாவை 'வாங்க, போங்க' என்று கூப்பிடுகிற பையன். கல்லூரி ஆர்க்கெஸ்ட்ராவில் மென்மையான காதல் பாட்டுகளாகப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தவன்.

"டேய் ராஜகோபாலா," என்றேன். "பொம்பளைய யாராவது நைனான்னு கூப்பிடுவாங்களா? உங்கம்மாவ நேத்துதான் காய்கறிக் கடையில பாத்தேன்."

அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தான். "அக்கா, ப்ளீஸ்க்கா. எம்.டி. முன்னாடி அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க."

அவன் பாடியது இது:

*மாமே நீ ஏறிப் போனே, இன்னா வண்டில ரிட்டர்ன் வருவே?*
*சங்கு ஊதிகீது மச்சி, சைக்கிள் ஸ்டாண்டுல நிக்கிது மச்சி.*

ஏழுமலை போய்விட்டான். அவன் இருந்த இடத்தில் 'மாமே' வந்து உட்கார்ந்துவிட்டது. டோலக்குக்குப் பதில் ரிதம் பாக்ஸ். ஆனால் ஜெயசீலன் ஆட்களின் சட்டி மேளத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஓட விட்டார்கள். 'அந்த மண் வாசனை வேண்டும்' என்று எம்.டி. சொன்னார். வாசனை வேண்டும், ஆள் வேண்டாம். மூச்சு எடுக்கும் சத்தத்தையெல்லாம் துடைத்து எடுக்கச் சொன்னார், ஆட்டத்துக்கு இடைஞ்சலாம். ஹமீது பாய் சொன்னதைச் செய்தார்.

கேசட்டில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே நாடா. ஒரு பக்கப் பாட்டுகள் நீளமாக இருந்தால், மறுபக்கத்தின் கடைசியில் வெறும் நாடா சத்தமில்லாமல் ஓடும். எம்.டி.க்கு அது ஆகாது. கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்து வாங்கியவன் திருப்பிக் கொண்டுவந்துவிடுவான் என்று பயம். அதனால் நிரந்தர உத்தரவு ஒன்று இருந்தது: காலியா விடாதீங்க, எதையாவது போட்டு நிரப்புங்க. வழக்கமாக முதல் பாட்டின் இசையை மறுபடி ஒருமுறை போடுவோம். 'குப்பத்து டிஸ்கோ'வில் இரண்டாம் பக்கம் ஏறக்குறைய ஒரு பாட்டு அளவுக்கு மிஞ்சியது.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஹமீது பாய் அலமாரியிலிருந்து ஒரு ரீலை எடுத்து என் முன்னால் வைத்தார். ஜெயசீலன் முதலில் பாடியது.

"எதையாவது போட்டு நிரப்பச் சொன்னாரில்ல?"

"சொன்னார் பாய்."

"இது எதையாவதுதானே?"

"எதையாவதுதான் பாய்."

வெட்டியது நான்தான். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஜெயசீலன் இழுத்த மூச்சிலிருந்து கோடு போட்டேன். ஒட்டி, தேய்த்து, ஓட விட்டுக் கேட்டோம். ஹமீது பாய் என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டார். 'எங்க?' என்று கேட்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, ரீலைப் பெட்டியில் போட்டு மூடினார். நாங்கள் செய்தது கம்பெனி உத்தரவு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

கேசட் பிய்த்துக்கொண்டு போனது. கல்யாண ஊர்வலம், கட்சி மாநாடு, வேன், டீக்கடை, எங்கும் 'சங்கு ஊதிகீது மச்சி'தான். பிரஸ்ஸில் நசுங்கிப் போன ஒருவனுக்காக ஊதிய சங்குக்கு மாப்பிள்ளைத் தோழர்கள் கர்ச்சீப்பைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஆடியில் அயனம்பாக்கத்தில் அம்மன் கோயில் திருவிழா மேடையில் ஜெயசீலன் தன் பாட்டைப் பாடினார். நானும் போயிருந்தேன். இரண்டு வரிதான் பாடியிருப்பார், முன்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. "அண்ணாத்தே, கேசட்ல வர்ற மாதிரி பாடு!" இன்னொருவன், "ஒரிஜினல் தெரியலன்னா ஏன் பாடறே? எறங்கு!" என்றான். ஜெயசீலன் டோலக் வாசிப்பவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, அம்மன் பாட்டு ஒன்றைப் பாடி முடித்து இறங்கிவிட்டார்.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஒரு வாரப் பத்திரிகையில் இசை விமர்சகர் ஒருவர் கேசட்டைப் பற்றி எழுதினார். ராஜுவின் குரலில் சேரியின் கரடுமுரடான உண்மை ஒலிக்கிறதாம். ஆனால் பெயர் குறிப்பிடாமல் கடைசியில் சேர்க்கப்பட்டிருக்கும் பாட்டு, அந்த வாழ்க்கையை அறியாத படித்த பாடகர் யாரோ செய்த செயற்கையான முயற்சியாம். உச்சரிப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறதாம். ஹமீது பாய் அதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். படித்து முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சிரித்து அவரை நான் பார்த்ததில்லை.

ஆனால் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்கள் வேறு சேதி சொன்னார்கள். பட்டறைக்காரர்களும் டிரைவர்களும், 'கடைசிப் பாட்டு இருக்கே, அது மட்டும் தனியா கிடைக்குமா' என்று கேட்கிறார்களாம். அப்படித்தான் எம்.டி.யின் காதுக்கு அது போனது. எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கத்தினார். கத்திக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தினார். வியாபாரி மூளை விழித்துக்கொண்டது.

"கேக்கறாங்கன்னா நல்லதுதானே. அடுத்த எடிஷன்ல பேர் போட்டுடுங்க. 'சோக கீதம், பாடியவர் ரவுசு ராஜு.'"

"அது ராஜு இல்லீங்களே," என்றார் ஹமீது பாய்.

"கேக்கறவனுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். நான் பதிவு பண்ண குரல் மேல வேற ஆள் பேர ஒட்டச் சொல்றீங்க. என் கையால அது நடக்காது."

மறுநாள் காலையில் பாய் வந்தார். பஞ்சு வெள்ளையாக வரும்வரை ஹெட்டைத் துடைத்தார். பிளேடு டப்பாவை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பூந்தமல்லியில் டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கும் கடை வைத்துக் கடைசிவரை அதிலேயே இருந்தார். நான் போகவில்லை. எனக்கு வேலை தேவையாக இருந்தது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 'சோக கீதம்' என்று அச்சான அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எச்சில் கசந்தது.

அந்த அட்டை வந்த பிறகு ஜெயசீலன் மறுபடி கம்பெனிக்கு வந்தார். கூடவே ஏழுமலையின் அம்மா தனபாக்கியம். அம்பத்தூருக்கு அடுத்த பாடி பக்கம் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். எம்.டி. அவர்களைப் பார்த்ததும் மேஜை டிராயரைத் திறந்தார்.

"துட்டு வேணாம், உள்ள வையி," என்றார் தனபாக்கியம். "பாட்டுல எம் புள்ள பேர ஏன் எட்த்தே? அத சொல்லு."

எம்.டி. மார்க்கெட், ரசனை என்று ஏதேதோ பேசினார். அந்தம்மா அவரைக் கேட்கவே இல்லை. அறையின் மூலையில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்த ராஜுவிடம் போனார்.

"நீதானே நைனா பாடறவன்? எம் புள்ள எப்டி செத்தான்னு தெரியுமா உனக்கு?"

ராஜு கண்ணாடியைக் கழற்றினான். "தெரியாதும்மா," என்றான். "மன்னிச்சிடுங்கம்மா. எனக்கு யாரும் சொல்லலை."

'இன்னா', 'கீது' எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அக்கவுண்ட்ஸ் ஆபீசர் வீட்டுத் தமிழ் தானாக வந்து நின்றது. தனபாக்கியம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பாடறதுதான் பாடறே. அவன் பேரையாவது சொல்லிப் பாடு."

ராஜு தலையாட்டினான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் என்பதுதான் வேடிக்கை. கொஞ்ச நாளில் ஆவடியில் ஒரு பொருட்காட்சி மேடையில் அவனுடைய நிகழ்ச்சி. ஜெயசீலனும் தனபாக்கியமும் போனார்கள், நானும் கூடப் போனேன். பாட்டுக்கு முன்னால் விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னான். ஒற்றை வெளிச்சத்தில் மண்டியிட்டான்.

"இது என் உயிர் நண்பன் ஏழுமலைக்கு! நானும் அவனும் ஒரே தட்டுல துன்னு வளந்தோம் மாமே! அவன் உசுரு என் மடிலதான் பூட்ச்சு!"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். கூட்டம் விசில் அடித்தது. பிறகு ரிதம் பாக்ஸ் தொடங்கியது, எல்லோரும் ஆடினார்கள். பாட்டை எடுத்தார்கள், மேளத்தை எடுத்தார்கள், குரலை எடுத்தார்கள். மிச்சம் இருந்தது துக்கம் ஒன்றுதான். அதையும் அன்று எடுத்துக்கொண்டார்கள். "அவன் கூட்டாளி நான் கீறேன் இங்க. என் மடியில கூட சாவலியே அவன். நான் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு," என்றார் ஜெயசீலன் என்னிடம்.

தனபாக்கியம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேர சொல்லிட்டான்ல," என்றார். "வா, போய்ப் பாக்கலாம்."

மேடைக்குப் பின்னால் ராஜு துண்டால் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"உயிர் நண்பன்னு சொன்னியே," என்றார் தனபாக்கியம். "வர்ற ஞாயித்திக்கெயம அவனுக்கு வருஷப் படையலு. ஊட்டுக்கு வா. பந்தல் கட்டணும், சேர் எறக்கணும், பந்தி பாக்கணும். அவன் கூட்டாளிங்க எல்லாம் வேலை செய்வாங்க. நீயும் வந்து செய்."

அந்தக் குரலில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. சொந்தக்காரப் பையனைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார். "வரேம்மா," என்றான் ராஜு. வரமாட்டான் என்று ஜெயசீலன் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

வந்தான். சிவப்புத் துணி இல்லை, கண்ணாடி இல்லை. சாதாரணச் சட்டை பேண்ட்டில் வந்தவனை மண்ணூர்பேட்டையில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவன் முகம் அட்டையில் அச்சான கேசட் அந்தத் தெருவில் பாதி வீட்டில் இருந்தது. ஜெயசீலன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூங்கிலின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். இருவரும் பந்தல் கட்டினார்கள். பிறகு அவன் வண்டியிலிருந்து நாற்காலிகளை இறக்கினான். உள்ளங்கை சிவந்துபோய், அடிக்கடி ஊதிக்கொண்டான்.

படையல் போட்டதும் ஜெயசீலன் பாடினார். மைக் இல்லை. டோலக்கும் சட்டியும் மட்டும். 'ஏழுமலை' என்று குரல் மேலே போனபோது பெண்கள் விம்மினார்கள். இரண்டாவது சுற்றில் கூட்டாளிகள் எழுந்து ஆடினார்கள். அழுதுகொண்டேதான் ஆடினார்கள். ராஜு பந்தல் காலில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் வாய் அசையவே இல்லை.

பாட்டு முடிந்ததும் ஏழுமலையின் மாமா ஒருவர், வயதானவர், அவனைப் பார்த்துக் கேட்டார். "யாருப்பா நீ? காலைலேர்ந்து வேலை செஞ்சிகினு கீறே. ஏயுமலைக்கு இன்னா வோணும் நீ?"

ஆயிரக்கணக்கானவர் முன்னால் மண்டியிட்டு 'உயிர் நண்பன்' என்று சொன்னவனுக்கு அந்த ஒரு கிழவரிடம் வாய் வரவில்லை. என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தனபாக்கியம்தான் பதில் சொன்னார்.

"பாட்டு கேக்க வந்த புள்ளண்ணா."

சொல்லிவிட்டு அவன் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு பந்திக்குப் போனான். கடைசி ஆள் எழும்வரை குனிந்து குனிந்து பரிமாறினான். அதன் பிறகுதான் தானும் உட்கார்ந்து சாப்பிட்டான்.

இத்தோடு திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த மாதமே பூந்தமல்லியில் மேடை ஏறினான். நான் போகவில்லை, போன ஹமீது பாய் வந்து சொன்னார். அதே ஒற்றை வெளிச்சம், அதே மண்டி, அதே அழுகை. ஒரே தட்டு, மடியில் போன உயிர், எல்லாம் அப்படியே இருந்ததாம். புதிதாக ஒன்று மட்டும் சேர்த்திருந்தானாம்: "அவன் படையலுக்கு என் கையாலதான் சாம்பார் ஊத்தினேன்."

அவன் மேடையில் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அந்த இடத்தில் மட்டும் யாரும் விசில் அடிக்கவில்லையாம்.